மூன்றாவது குழாய்

அந்தக் காரின் இன்ஜினிலிருந்து காற்றை உறிஞ்சும் குழாய்கள் மூன்று. ஒன்று, இன்ஜினுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. ஒன்று வைப்பருக்கு. மூன்றாவது, மற்ற இரண்டையும்விடத் தடித்தது, பிரேக் பூஸ்டருக்கு. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தெரிந்துகொண்டேன். அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தேன். மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. என் கணவர் கீழே ஆலங்காயத்தில் ஒரு புளி கான்ட்ராக்டரிடம் டிரைவர். மலையில் புளிய மரங்களை அந்த முதலாளி குத்தகைக்கு எடுப்பார். அவரிடம் ஒரு லாரி உண்டு. அதோடு, வேலூரில் யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைகள் கழித்துக் கட்டிய பழைய அமெரிக்கக் கார் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். இலைப்பச்சை நிறம். முன்னால் பல்லை இளிப்பதுபோல நிக்கல் கம்பிகள். மலைப்பாதையின் பாதியை அடைத்துக்கொண்டு வரும்.

என் கணவர் அதை "என் வண்டி" என்றுதான் சொல்வார். முதலாளி காதில் விழாத இடத்தில்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரார் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க அந்தக் கார் உதவியது என்றே நினைக்கிறேன். கார் வந்து நின்றால் பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்து பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடு பட்டுக் கையை உதறுவார்கள். அவர் கழுத்தில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைப் பம்பரில் வைத்து நிற்பார். பார்க்க நன்றாக இருப்பார். அது அவருக்கும் தெரியும்.

ஓர் ஐப்பசி மழையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறேன். மேடு வந்ததும் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. நான் அலறினேன். அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வைப்பர் படபடவென்று நான்கு தடவை அடித்துத் துடைத்தது. மறுபடி மிதித்தார். மறுபடி நின்றது.

"கரண்ட்டுல ஓடற வைப்பர் இல்ல இது. இன்ஜின் மூச்ச உள்ள இழுக்குதுல்ல, அந்த இழுப்புலதான் ஆடுது. வாக்குவம்னு பேரு. மேட்டுல ஆக்ஸிலேட்டர மிதிச்சா இழுப்பு கொறஞ்சிடும்."

"அப்ப மேட்டுல எப்பிடிங்க பாத்து ஓட்டறது?"

"பாக்காமதான்," என்று சிரித்தார்.

வாக்குவம் என்ற சொல்லை அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டேன். தம்ளரை வாயில் கவிழ்த்து உறிஞ்சினால் அது உதட்டில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வகுப்பில் காற்றின் அழுத்தத்துக்கு நான் செய்துகாட்டும் சோதனை அது. இவ்வளவு பெரிய காரும் அதே தம்ளர் வித்தையில்தான் ஓடுகிறது என்று அன்று எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

பள்ளியில் சமையல் செய்தவர் அந்த ஊர்ப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் குளிர்காய்ச்சலில் எட்டு நாள் படுத்தேன். அந்த எட்டு நாளும் தன் வீட்டுக்குப் போகாமல் என் அறையிலேயே கிடந்தார். சாமைக் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். கணவர் இரண்டு ஏக்கர் சாமை விதைத்து, மீதி நாளில் புளி உலுக்கப் போகிறவர்.

அக்காவுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. குழம்பில் இரண்டு முறை உப்பைத் திரும்பப் போட்டு வார்டனிடம் திட்டு வாங்கினார். கீழே ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை கண் டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, போயே ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். போய்வர முழுப் பகல் நடக்க வேண்டும். அவர் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை அக்கா கிளம்பும் நேரத்தில் என் கணவர் காரோடு வந்தார். லாரி பழுது, அதனால் காரிலேயே புளியை ஏற்றிவரச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். டிக்கியில் மூன்று மூட்டை, பின் சீட்டில் மூன்று மூட்டை. காரின் பின்பக்கம் தரையை உரசுவதுபோல் தாழ்ந்திருந்தது.

"அக்காவ இட்டுக்குனு போங்க," என்றேன்.

அக்கா பின்வாங்கினார். "வாணாம் டீச்சர். நான் நடந்தே போய்டறேன். அந்த வண்டி வாடையே எனக்கு ஒத்துக்காது."

"கார் கீறப்ப ஏன்க்கா நடக்கணும்?"

என் கணவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "லோடு கீதே," என்றார்.

"ஒரு ஆள் ஏறினா உங்க வண்டி முழுகிடுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வார்டன் சிரித்தார். என் கணவரும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். முன்கதவை நான்தான் திறந்தேன். அக்காவின் முந்தானை கதவில் மாட்டாமல் உள்ளே தள்ளி, நானே சாத்தினேன். என் புருஷன் காரில் என் ஆள் போகிறாள் என்ற பெருமை எனக்கு அப்போது இருந்தது. அதை மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரத்தில் புளி உலுக்குகிற ஆள் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். இறக்கத்தில், பெரிய வளைவில் கார் திரும்பாமல் பாறையில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அக்கா அங்கேயே போய்விட்டார். என் கணவருக்குத் தொடை எலும்பும் தோள்பட்டையும் உடைந்திருந்தன. அந்தப் பக்கம் வந்த ஒரு லாரியில் அவரை வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்காவைத் தூளி கட்டி மேலே தூக்கி வந்தார்கள்.

அக்காவின் கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுது ஓய்ந்தபோது, "நீங்க நல்லதுக்குத்தான டீச்சர் ஏத்தி வுட்டீங்க," என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

என் கணவர் மேல் வழக்குப் பதிவானது. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தார் என்று. முதலாளி ஸ்டேஷனுக்குப் போய், "மெதுவா ஓட்டுன்னு நூறு தபா சொல்லியிருக்கேன், கேக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டு வந்தார். வாகனத்தைச் சோதிக்க வந்த அதிகாரி சாய்ந்திருந்த காரை நிமிர்த்தச் சொல்லி, பெடலைக் காலால் மிதித்துப் பார்த்து, பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதினார். காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷன் பின்பக்கம் நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் நினைவு தெளிந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"பெடல் கல்லு மாதிரி கீது. ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சேன். நிக்கல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பிரேக்கின் குற்றம் என்றால் அது முதலாளியின் குற்றம். என் கணவர் குற்றவாளி இல்லை. அவர் இல்லை என்றால், கதவைச் சாத்திய நானும் இல்லை. இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் அவ்வளவு அலைந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. அன்று அதைப் புருஷனைக் காப்பாற்றுகிற காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாணியம்பாடியில் வெளிநாட்டு வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். நாற்பது வயதுக்குள் இருக்கும். உருதுக்காரர். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அம்மா, போலீஸ் கேஸு. என்ன இழுக்காதீங்க. அந்தக் கான்ட்ராக்டர் லாரியும் என் ஷெட்டுக்குத்தான் வருது."

"நீங்க வர வாணாங்க. சாட்சி சொல்ல வாணாம். பெடல் கல்லு மாதிரி ஆவறதுக்கு இன்னா காரணம்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பாத்துக்கறேன்."

"நீங்களா?" என்று சிரித்தார். நான் நகரவில்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்ற பிறகு, என்னைத் தொலைத்துக் கட்டுவதற்காகவே எழுந்தார். ஷெட்டில் நின்ற வேறொரு பழைய வேனின் பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். பத்து நிமிடம்கூட இருக்காது. பள்ளி நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

கார்பரேட்டர் எந்த இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் மேனிஃபோல்டு. அங்கேதான் இன்ஜின் காற்றை இழுக்கிறது. அதைச் சுற்றித்தான் குழாய்கள் கிளம்பும். மெல்லிய பைப் போய், டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் ஒட்டியிருக்கும் அப்பம்போன்ற வட்டத் தகட்டில் சேரும். அது கெட்டால் வண்டி இழுக்காது; ஆனால் ஆள் சாக மாட்டான். கண்ணாடிக்கு அடியில் போவது வைப்பருக்கு. தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று, நடுவில் ஒரு சின்ன வால்வு வைத்தது, இரண்டு தட்டுகளை வாயோடு வாய் சேர்த்துக் கவிழ்த்ததுபோன்ற கருப்பு டப்பாவுக்குப் போகும். அதுதான் பூஸ்டர்.

"உள்ள டயாஃப்ரம்னு ஒரு ரப்பர் சவ்வு கீது. இன்ஜின் ஒரு பக்கம் காத்த இழுத்துச்சுன்னா அது ஜோரா புடிச்சு பிரேக்க தள்ளும். நீங்க சும்மா கால வெச்சா போதும். அந்த ஹோஸ் புட்டுக்கிச்சுன்னா பெடல் கல்லுதான். சமதரைல மெதுவா போனா நிக்கும். எறக்கத்துல லோடோட வந்தா அல்லாதான் நிறுத்தணும்."

"நின்னுக்கினு கீற வண்டில பெடல மிதிச்சுப் பாத்தா தெரியுங்களா?"

அவர் என்னை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். "இன்ஜின் ஓடாத வண்டில எப்பிடித் தெரியும்? யாரு அப்பிடிப் பாத்தது?"

நான் சொன்னேன். அவர் பானெட்டைச் சாத்திவிட்டு, "போங்கம்மா," என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். என் கணவரின் செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் காரில் இருக்கின்றன, எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் டீச்சர் என்றதும் மரியாதையாக விட்டுவிட்டார். பானெட் வளைந்து, சரியாக மூடாமல் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். கார் முழுக்கப் புளி வாடை. மூட்டை பிரிந்து எங்கும் சிதறியிருந்தது.

நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். வேனுக்கும் இதற்கும் இடமெல்லாம் மாறியிருந்தது. மேனிஃபோல்டைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பிறகு மெல்லிய பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். அது டிஸ்ட்ரிபியூட்டரில் சரியாகச் சேர்ந்திருந்தது. வைப்பர் ஹோஸும் இடத்தில் இருந்தது. மூன்றாவது குழாயைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய துளையில், பென்சில் சீவுவதுபோலச் சீவிய ஒரு மரக்கட்டையைத் துணி சுற்றி இறுக்கி அடித்து, மேலே கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. ஹோஸ் பூஸ்டர் பக்கத்திலிருந்து வந்து, முனை அந்தரத்தில், சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மோதியதில் ஹோஸ் கழன்றிருக்கலாம். மரக்கட்டை மோதலில் முளைத்திருக்காது. அந்தக் கட்டையையும் நோட்டில் வரைந்துகொண்டேன். அக்கா செத்துப் பன்னிரண்டாவது நாள் அது. அந்தக் காரின் முன்னால் நின்று நான் சந்தோஷப்பட்டேன்.

"இன்னா டீச்சர், செருப்பு இன்ஜின்லயா கீது? இன்னாத்த வரையறீங்க?" என்று கான்ஸ்டபிள் வந்தார்.

"பசங்களுக்குப் பாடம் நடத்தங்க," என்றேன். அவர் நம்பினார்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய், என் கணவர் கட்டிலில் நோட்டை விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொன்னேன். "இங்க பாருங்க, இதான் பூஸ்டர். இந்த ஹோஸ யாரோ கழட்டிட்டு மரக்கட்டய வெச்சு அடைச்சு கீறாங்க. உங்க மொதலாளி யார வுட்டு அடைச்சாரு? அத மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அடைச்சேன்," என்றார்.

டயாஃப்ரம் கிழிந்துபோயிருந்ததாம். அது வழியாகக் காற்று புகுந்து இன்ஜின் நின்று நின்று ஓடியிருக்கிறது. மெட்ராஸ் போய்த் தேடினால்தான் வேறு கிடைக்கும். முதலாளி, "அதெல்லாம் சீசன் முடிஞ்சு பாக்கலாம், இப்பத்திக்கு எதனா பண்ணி ஓட்டு," என்றிருக்கிறார். இவர் ஹோஸைக் கழற்றித் துளையை அடைத்ததும் இன்ஜின் பட்டுப்போல ஓடியிருக்கிறது. பிரேக் கனத்துவிட்டது. பத்து நாளாக அப்படியேதான் ஓட்டியிருக்கிறார். செகண்ட் கியரில், பார்த்துப் பார்த்து, தனியாக.

"அப்ப அக்காவ ஏத்தறப்ப உங்களுக்குத் தெரியும்."

"லோடு கீதுன்னு சொன்னேன்ல."

"லோடு கீதுன்னா? பிரேக் இல்லன்னு சொல்லத் தெரியாதா?"

"எப்பிடிச் சொல்றது? ஊரே நின்னு பாத்துக்குனு கீது. நீ வேற, முழுகிடுமான்னு கேட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. என் வண்டில பிரேக் இல்லன்னு அத்தன பேரு முன்னால சொல்லணுமா நான்?"

நான் நோட்டை மூடினேன். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவருக்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும்.

முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று கோர்ட்டில் சொல்லுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். யோசித்து முடிப்பதற்குள் முதலாளியின் மைத்துனர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். வக்கீலை அவர்களே வைத்துவிடுவார்கள். கால் குணமானதும் லாரி இவருக்குத்தான். காரைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. வளைவில் மாடு குறுக்கே வந்தது, அவ்வளவுதான். போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தபோது என் கணவர் மாடு குறுக்கே வந்தது என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மாடு மலைக்கு ஏறி வரும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஊரில் கேட்டார்: "ரோட்ல மாட்ட அவுத்து வுடற பழக்கம் யாருக்குக் கீது?" அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஊர் அதை விடவில்லை. பெரியவர்கள் கூடினார்கள். நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. பாதையோரம் மாடு மேய்க்கிறவன் என்று ஒரே ஒருவனைத்தான் சொன்னார்கள். அவனுக்கிருந்தது ஒரே மாடு, சினை மாடு.

"எம் மாடு அன்னைக்குக் கொட்டாயிலதான் கட்டிக் கெடந்துச்சு சாமி," என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. அன்று எல்லாரும் புளி உலுக்கப் போயிருந்தார்கள்.

கூட்டம் கலைவதற்கு முன் அவன் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடிவந்தான். "டீச்சர், உங்க வூட்டுக்காரருதான பாத்தாரு? அது இன்னா கலரு மாடுன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர். என்து செவல. வேற கலருன்னா வுட்டுடுவாங்க."

"கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, மாட்டைத் தாயில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. அவன் அதை அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கட்டினான். பிறகு அவனும் அவன் மனைவியும் மாட்டைப் பார்க்க அடிக்கடி அந்த வீட்டு வாசலுக்கு வருவதும் போவதுமாக இருந்தார்கள் என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள்.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. விசாரணைக்கு வந்த அன்று நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் அரசாங்க வக்கீலைத் தனியாகப் பிடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் புரட்டினார்.

"ரொம்ப நல்லா வரஞ்சிருக்கீங்க. நீங்க யாரு?"

"டிரைவர் சம்சாரங்க."

அவர் நோட்டை மூடினார். "இது உண்மன்னா, பிரேக் இல்லன்னு தெரிஞ்சே ஆள ஏத்தி ஓட்டினாருன்னு ஆவுது. மொதலாளி தப்பிச்சாலும் தப்பிச்சுப்பாரு. உங்க வூட்டுக்காரர் தப்பிக்க முடியாது. எங்கிட்டக் குடுக்கறீங்களா?"

நோட்டைப் பிடித்திருந்த அவர் கை நீண்டபடியே இருந்தது. நான் நோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மாடு குறுக்கே வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பலனில் என் கணவர் விடுதலையானார். வெளியே வந்ததும் முதலாளி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். மூவருமாக ஓட்டலில் காபி குடித்தோம். நானும் குடித்தேன்.

அதற்குள் செவலை கன்று போட்டிருந்தது. அக்காவின் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ஒருநாள் காலையில் ஒரு சொம்பில் பால் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "அப்பா குடுக்கச் சொல்லுச்சு டீச்சர். கேஸு முடிஞ்சிடுச்சுல்ல, இனிமே டீச்சர் நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லுச்சு." மறுநாளும் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். நான் அதைக் காய்ச்சினேன். முதல் இரண்டு நாள் குடிக்கவும் செய்தேன். நான்காம் நாள் பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், இறக்கத் தோன்றவில்லை.

அன்று பள்ளி விட்டதும் அக்காவின் கணவரை வரச் சொல்லி அனுப்பினேன். காலி வகுப்பில், தரையில், சாக்பீஸால் வரைந்தேன். இது இன்ஜின். இங்கே காற்றை இழுக்கும். இது முதல் குழாய், இது இரண்டாவது. இது மூன்றாவது. இதற்குப் பெயர் பூஸ்டர். இந்த இடத்தில் மரக்கட்டை. அவர் துண்டை மடியில் வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாடம் கேட்கும் பையனைப்போல, ஒவ்வொரு கோட்டையும் பார்த்தார்.

"அப்ப மாடு?" என்றார்.

"மாடே வரலீங்க."

"கட்டைய வெச்சது யாரு?"

"எங்க வூட்டுக்காரருதான்."

"நீங்க ஏத்தி வுடறப்ப உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு, "ஒரு வருசத்துக்கு மேல ஆவுதே," என்றார். "இத கோர்ட்டுல சொன்னீங்களா?"

"இல்லீங்க."

எழுந்தார். வரைந்ததை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போனார். அன்று இருட்டுவதற்குள் செவலையையும் கன்றையும் ஓட்டிக்கொண்டுபோய் மாட்டுக்காரன் கொட்டகையில் கட்டினாராம். மாட்டுக்காரன் காலில் விழப் போனாராம். அவன் தடுத்துவிட்டான் என்றார்கள். ஊர் முழுக்க அன்றே தெரிந்துபோனது. என்னை யாரும் ஏசவில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கி நின்றார்கள். விசேஷங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த சமையல்காரப் பெண் என் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். அக்காவின் மகள் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை.

செய்தி கீழே ஆலங்காயத்துக்கும் இறங்கியது. முதலாளி லாரியைப் பிடுங்கிக்கொண்டு என் கணவரை வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் காரைத் தட்டி நிமிர்த்தி, வேறு சாயம் அடித்து, தெற்கே யாருக்கோ தள்ளிவிட்டதாகக் கேள்வி. பூஸ்டரைச் சரிசெய்து கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

"யாரு கேட்டா உன்ன?" என்று என் கணவர் கத்தினார். "கோர்ட்டே வுட்டுடுச்சு. நீ எதுக்குப் போய்ச் சொன்ன?"

"மாட்டுக்காக," என்றேன்.

"மாட்டுக்காக! செத்தவளுக்காக இல்ல, மாட்டுக்காக!"

அவர் சொன்னது சரிதான். அக்காவுக்காகப் பேச வேண்டிய இடத்தில் நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவள் நான்.

கலசப்பாக்கம் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவரும் வந்தார். ஒரு நெல் மண்டி லாரிக்கு ஓட்டினார். தாங்கித் தாங்கி நடந்தாலும் வேலைக்குக் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் வண்டிக்குக் கீழே படுத்து பிரேக்கைப் பார்க்காமல் கிளம்ப மாட்டார் என்று மண்டிக்காரர் என்னிடம் பெருமையாகச் சொல்வார். நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டிய அளவு பேசிக்கொண்டோம். அவர் சாகும்வரை அப்படித்தான். ஊரில் எங்களை ஒற்றுமையான தம்பதி என்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கல்யாணத்துக்காக ஆலங்காயம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அக்காவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். முடி வெளுத்திருந்தது. தோளில் ஒரு சின்ன மூட்டை. என்னைப் பார்த்துவிட்டார். உடனே திரும்பி, எதிரில் நின்ற பஸ்ஸின் போர்டைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது. அது வாணியம்பாடி போகிற பஸ். மலைக்குப் போகும் பஸ் பின்னால் நின்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மலை பஸ் கிளம்புகிறது என்று அவரிடம் சொல்ல இரண்டடி எடுத்து வைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றுவிட்டேன். மலை பஸ் போய்விட்டது.